டிக்கன்ஸைவிட அதிகம் விற்றவர்: ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸின் புகழும் மறதியும்

ஆரம்பகாலத் தமிழ் நாவல்களைப் பற்றிய கட்டுரைகளில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியரின் பெயரும் கூடவே வருகிறது. அவர் யார், அவர் டிக்கன்ஸைவிட அதிகம் விற்றவர் என்பது உண்மையா, உண்மையென்றால் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்குக்கூட அவர் பெயர் தெரியாமல் போனது எப்படி என்பது இங்கே கேட்கப்பட்ட கேள்வி. விற்பனை பற்றிய கூற்று பெரும்பாலும் உண்மையே. அவர் மறக்கப்பட்டதற்கு எழுத்தின் தரம் மட்டுமே காரணம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பதில் பாதி உண்மை. அவரை விரும்பிப் படித்தவர்கள் வேறு, இலக்கிய வரலாற்றை எழுதியவர்கள் வேறு என்பதே மறுபாதி. அதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜார்ஜ் வில்லியம் மக்கார்தர் ரெயினால்ட்ஸ் 1814ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று கென்ட் மாவட்டத்துச் சாண்ட்விச் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கடற்படையில் கப்பல் தலைவர். எனவே பிறப்பால் அவர் ஏழையும் அல்லர், தொழிலாளியும் அல்லர். எட்டு வயதில் தந்தையை இழந்த அவர், 1828இல் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். தாயும் இறந்துபோன 1830ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து விலகி, பிரான்சுக்குப் போய்விட்டார். ஜூலைப் புரட்சி பத்தாம் சார்லஸை அரியணையிலிருந்து இறக்கி முடித்திருந்த நேரம் அது. பதினாறு வயதில் இராணுவச் சீருடையைக் கழற்றிவிட்டு அந்த நாட்டுக்குள் நுழைந்த இளைஞரிடம் மன்னராட்சியின் மீதான வெறுப்பு வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டதில் வியப்பில்லை. பாரிஸில் ஆங்கிலப் புத்தக வணிகத்திலும் ஆங்கிலப் பத்திரிகைகளிலும் ஈடுபட்டார், சூசன்னா என்ற பெண்ணை மணந்தார், பிரெஞ்சு இலக்கியத்தை ஆழ்ந்து படித்தார், கையிலிருந்த பணத்தையெல்லாம் தொலைத்தார். 1830களின் நடுவில் லண்டனுக்குத் திரும்பியபோது அவர் கடனாளி. பின்னாளிலும் அவர் திவாலானதுண்டு.

லண்டனில் 'மந்த்லி மேகஸின்' என்ற இதழின் ஆசிரியர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இளம் டிக்கன்ஸின் முதல் கதை 1833இல் வெளிவந்தது இதே இதழில்தான். ரெயினால்ட்ஸ் அங்கே செய்த முதல் காரியமே டிக்கன்ஸைச் சீண்டுவதாக அமைந்தது. டிக்கன்ஸின் தொடர்நாவலான 'பிக்விக் பேப்பர்ஸ்' 1837 நவம்பரில் நிறைவு பெற்றது. அது முடிந்த சூட்டோடு அதன் நாயகர் பிக்விக்கையும் அவருடைய வேலையாள் சாம் வெல்லரையும் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, 'பிக்விக் அப்ராட்' என்ற பெயரில் ரெயினால்ட்ஸ் ஒரு தொடரை எழுதத் தொடங்கினார். ஒருவர் படைத்த பாத்திரங்களை இன்னொருவர் எடுத்தாள்வதைத் தடுக்க அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் வழியில்லாததால் டிக்கன்ஸால் கோபப்பட மட்டுமே முடிந்தது. இதைத் திருட்டு என்று சொல்லி ஒதுக்குவது எளிது. ஆனால் அதே நேரத்தில் பிக்விக்கைப் போலி செய்த வேறு மலிவு எழுத்தாளர்களோடு ஒப்பிட்டால், ரெயினால்ட்ஸின் தொடரில் பாரிஸ் நகரத்தை நேரில் அறிந்தவரின் கண் தெரிகிறது. 1839இல் அவர் சமகாலப் பிரெஞ்சு இலக்கியத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். விக்தோர் ஹியூகோ, ஜார்ஜ் சாண்ட் போன்றோரை ஒழுக்கக் கேட்டின் உருவங்களாக ஆங்கில விமர்சகர்கள் சித்திரித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுக்காக வாதாடிய நூல் அது.

அவருடைய பெயரை நாடறியச் செய்த நூலும் பிரான்சிலிருந்து வந்த தூண்டுதலே. 1842-43இல் பிரெஞ்சு நாவலாசிரியர் யூஜின் சூ பாரிஸ் நாளிதழ் ஒன்றில் எழுதிய 'பாரிஸின் மர்மங்கள்' ஐரோப்பா முழுவதையும் ஆட்டிப்படைத்தது. அதே அச்சில் 1844 அக்டோபரில் 'லண்டனின் மர்மங்கள்' வெளிவரத் தொடங்கியது. வாரம் ஓர் இதழ், எட்டுப் பக்கங்கள், இரண்டு பத்திகளில் நெருக்கியடித்த பொடி எழுத்து, முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படம், விலை ஒரு பென்னி. இந்த விலைதான் முக்கியம். அக்காலத்தில் மூன்று பாகங்களாக வெளிவந்த ஒரு நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். டிக்கன்ஸின் மாதப் பகுதிகள் ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி. இங்கிலாந்தின் செல்வம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்று ரெயினால்ட்ஸ் இந்த நாவலுக்குள்ளேயே ஒரு பட்டியலைச் செருகியிருக்கிறார். அதன்படி அரியணையில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 5,00,000 பவுண்டு, பிரபுவுக்கு 30,000, குருமாருக்கு 7,500, நடுத்தர வகுப்பினருக்கு 300, உழைக்கும் வகுப்பினருக்கு 20. அவர் கணக்கையே வைத்துப் பார்த்தால் மூன்று பாக நாவல் ஒன்றை வாங்க அந்த உழைப்பாளி நான்கு வாரக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் வாரம் ஒரு பென்னியை அவரால் கொடுக்க முடிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து வாங்கினால் அதுவும் தேவையில்லை.

கதையின் எலும்புக்கூடு எளிமையானது. யூஜின், ரிச்சர்ட் என்ற இரு சகோதரர்கள் 1831ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ஒரு குன்றின் மேலுள்ள இரண்டு மரங்களின் அடியில் பிரிகிறார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே நாளில் அங்கேயே சந்தித்து, யார் வாழ்வில் உயர்ந்தார் என்று பார்த்துக்கொள்வதென்று உடன்பாடு. யூஜின் பெயரை மாற்றிக்கொண்டு, பொய்க் கம்பெனிகள் நடத்தும் பணமுதலையாகி, நாடாளுமன்றத்துக்குள்ளும் நுழைகிறான். நேர்மையான ரிச்சர்ட் செய்யாத குற்றத்துக்காகச் சிறை சென்று, பல துன்பங்களுக்குப் பின் காஸ்டெல்சிகாலா என்ற கற்பனை இத்தாலிய நாட்டின் இளவரசனாகிறான். குறித்த நாளில் ரிச்சர்ட் சிறப்போடு வந்து சேர, யூஜின் உயிர் பிரியும் நிலையில் வருகிறான். அறம் வெல்லும், பாவம் தோற்கும் என்ற இந்தக் கோடு ஒரு சாக்கு மட்டுமே. அதைச் சுற்றி ரெயினால்ட்ஸ் வளர்த்தெடுத்த காடுதான் உண்மையான நாவல்.

அந்தக் காட்டில் என்னவெல்லாம் இருக்கின்றன என்று முழுவதும் சொல்ல முடியாது. ஸ்மித்ஃபீல்ட் சந்தை ஓரத்துப் பாழ்வீட்டுக்குள் மழைக்கு ஒதுங்கும் ஓர் இளைஞன், தரையில் உள்ள பொறிக்கதவு வழியே ஃப்ளீட் சாக்கடைக்குள் தள்ளப்படுகிறான். அந்த இளைஞன் ஆண் உடை தரித்த பெண் என்பது பின்னால் தெரிகிறது. புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களை மருத்துவர்களுக்கு விற்கும் ஆண்டனி டிட்கின்ஸ் என்பவன், ஆங்கில மலிவு நாவல்கள் கண்ட வில்லன்களிலேயே அச்சமூட்டுபவன். அஞ்சலகத்தின் மறைவான அறையொன்றில் அரசாங்க எழுத்தர்கள் பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். இது வெறும் கற்பனை என்று எண்ண வேண்டாம். லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த இத்தாலியப் புரட்சியாளர் மாத்சினியின் கடிதங்களை உள்துறை அமைச்சரின் ஆணைப்படி பிரித்துப் பார்த்தது 1844இல் அம்பலமாகி, நாடாளுமன்றமே கொந்தளித்தது. மதுக்கடைச் சிறுவன் ஒருவன் பக்கிங்ஹாம் அரண்மனைக்குள் புகுந்து, ஒளிந்திருந்து அரச தம்பதியின் பேச்சைக் கேட்கும் காட்சிக்குப் பின்னாலும் ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. எட்வர்ட் ஜோன்ஸ் என்ற பையன் அந்த அரண்மனைக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து பிடிபட்டது சில ஆண்டுகளுக்கு முன்புதான். செய்தித்தாளின் செய்தியைக் கதையாகவும் கதையைச் செய்தியாகவும் மாற்றும் இந்த வித்தையை அவர் அளவுக்கு அன்று வேறு எவரும் துணிந்து செய்யவில்லை.

இரண்டு இடங்களை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். முதலாவது, குற்றவாளிகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் அத்தியாயங்கள். பிணம் திருடும் டிட்கின்ஸ் எப்படி அப்படி ஆனான் என்று அவனே சொல்கிறான். திருந்தி வாழ முயன்ற ஒவ்வொரு முறையும் கனவான்களும் நீதிபதிகளும் அவனை எப்படித் தெருவுக்கே விரட்டினார்கள் என்று கேட்கும்போது, வில்லனின் குரலே வழக்கறிஞரின் குரலாகிவிடுகிறது. ரேட்டில்ஸ்நேக் என்ற பட்டப்பெயர் கொண்ட பெண், குழந்தைப் பருவத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தான் பட்ட பாட்டைச் சொல்லும் பகுதி, சுரங்கங்களில் குழந்தைத் தொழிலாளர் நிலை குறித்து 1842இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கையின் செய்திகளைக் கொண்டு எழுதப்பட்டது. அந்த அறிக்கையைப் படிக்கவே வாய்ப்பில்லாத வாசகரிடம் அது ஒரு பென்னிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, எல்லன் மன்றோ என்ற தையல்காரப் பெண்ணின் கதை. வறுமையால் ஓவியருக்கும் சிற்பிக்கும் மாதிரியாக நின்று பிழைத்து, இறுதியில் ஏமாற்றப்பட்டுத் தாயாகும் அவளை, அக்கால ஆங்கில நாவல் வழக்கப்படி ஆற்றில் விழுந்து சாகவோ வெளிநாட்டுக்குக் கப்பலேறவோ விடாமல், தைரியத்தோடும் மதிப்போடும் வாழ வைக்கிறார் ரெயினால்ட்ஸ். டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் எமிலிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவள் ஆஸ்திரேலியாவுக்குத்தான் அனுப்பப்படுகிறாள்.

இந்தத் தொடர் வாரம் சுமார் 40,000 பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. பிக்விக் தன் உச்சத்தில் எட்டிய எண்ணிக்கையும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அது மாதத்துக்கு, இது வாரத்துக்கு. இரண்டு வரிசைகளாக 1848 வரை 'லண்டனின் மர்மங்கள்' ஓடியது. பதிப்பாளருடன் பிரிவு ஏற்பட்டதும் ஜான் டிக்ஸ் என்பவரோடு சேர்ந்து 'லண்டன் அரசவையின் மர்மங்கள்' என்ற அடுத்த தொடரை ஆரம்பித்து 1856 வரை எழுதினார். நான்காம் ஜார்ஜ் மன்னர் இளவரசராக இருந்த காலத்துக் காமக் களியாட்டங்களை மையமாகக் கொண்டது அது. இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு ஆண்டுகள், அறுநூறுக்கும் மேற்பட்ட வார இதழ்கள், நாற்பது லட்சத்தைத் தாண்டிய சொற்கள். இந்த எழுத்தோடு கூடவே 1846இல் 'ரெயினால்ட்ஸ் மிசலனி' என்ற சொந்த வார இதழையும் தொடங்கி அதிலும் ஒன்றன்பின் ஒன்றாக நாவல்களை எழுதினார். ஓநாய் மனிதனைப் பற்றிய 'வாக்னர்' அவ்விதழின் முதல் தொடர். வேலைக்காரியின் தன்வரலாறாக அமைந்த 'மேரி பிரைஸ்', வேலைக்காரனின் தன்வரலாறான 'ஜோசப் வில்மட்', இராணுவத்தில் நிலவிய கசையடித் தண்டனையைச் சாடிய 'சிப்பாயின் மனைவி' ஆகியவை பின்னர் வந்தன.

யார் படித்தார்கள் என்பதற்கு நல்ல சாட்சி பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ. லண்டன் தெருவோர வியாபாரிகளைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், எழுத்தறியாத தள்ளுவண்டிக்காரர்கள் மாலையில் கூடி, படிக்கத் தெரிந்த ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பதையும், அவர்களுக்கு மிகவும் பிடித்தது ரெயினால்ட்ஸின் அரசவை மர்மங்கள்தான் என்பதையும் பதிவு செய்கிறார். முகப்புப் படத்தில் இருப்பது யார், அடுத்து என்ன ஆகிறது என்று அவர்கள் வாசிப்பவரைத் துளைத்தெடுப்பார்களாம். ஆகவே விற்ற பிரதிகளின் எண்ணிக்கையை வைத்து வாசகர் தொகையைக் கணிப்பதே தவறு. ஒரு பிரதிக்கு எத்தனை காதுகள் என்று கேட்க வேண்டும்.

அரசியல் மேடைக்கு அவர் வந்த விதமும் நாவலில் வருவது போலவே இருக்கிறது. 1848 மார்ச் 6 அன்று டிராஃபால்கர் சதுக்கத்தில் வருமான வரியை எதிர்த்து ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. காவல்துறை தடை விதித்ததும் ஏற்பாடு செய்தவர் பின்வாங்கிவிட்டார். திரண்டிருந்த மக்களோ கலையவில்லை. தலைமையேற்க ஆளில்லாத அந்தக் கூட்டத்துக்கு ரெயினால்ட்ஸ் தலைவராகி, பாரிஸில் சில நாட்களுக்கு முன் மன்னரை விரட்டிய புரட்சியை வாழ்த்திப் பேசினார். கூட்டம் அவரை வீடு வரை ஊர்வலமாக அழைத்துச் சென்றது. அதிலிருந்து சார்ட்டிஸ்ட் இயக்கத்தின் முன்னணிப் பேச்சாளர்களில் அவரும் ஒருவர். வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் உள்ளிட்ட ஆறு கோரிக்கைகளை முன்வைத்த இயக்கம் அது. இயக்கத்தின் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவரைப் பணத்துக்காக வந்தவர் என்று சந்தேகித்த சக போராளிகளும் உண்டு. அந்தச் சந்தேகம் முழுக்க அநியாயமானது என்று சொல்ல மாட்டேன். மக்களின் கோபம் விற்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆனால் சார்ட்டிஸ்ட் இயக்கம் படுத்துவிட்ட பிறகும், அந்தக் கோபத்தால் ஆதாயம் குறைந்துவிட்ட பிறகும், தன் கொள்கையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

அதற்குச் சான்று 1850 மே மாதம் அவர் தொடங்கிய ஞாயிறு செய்தித்தாள். குடியரசுக் கொள்கையையும் தொழிலாளர் உரிமையையும் அது விடாமல் பேசியது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆங்கிலப் பத்திரிகைகள் பழிக்குப் பழி என்று முழங்கிய வேளையில், கம்பெனி ஆட்சியின் கொடுமைதான் இதற்கு வித்திட்டது என்று எழுதிய மிகச் சில ஆங்கிலப் பத்திரிகைகளில் இதுவும் ஒன்று. பெயரும் உரிமையாளரும் மாறி, கூட்டுறவு இயக்கத்தின் கைக்கு வந்து, அந்தப் பத்திரிகை 1967 வரை உயிரோடு இருந்தது. நாவலாசிரியரை மறந்துவிட்ட நாட்டில் அவர் பெயர் தாங்கிய செய்தித்தாள் மட்டும் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஞாயிறுதோறும் வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருந்தது என்பது வேடிக்கையான முரண்.

டிக்கன்ஸுக்கும் அவருக்கும் இருந்த பகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ரெயினால்ட்ஸ் மறக்கப்பட்டதற்கான விதை அதில் இருக்கிறது. 1850 மார்ச்சில் டிக்கன்ஸ் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' என்ற வார இதழைத் தொடங்கியபோது, முதல் இதழின் முன்னுரையிலேயே, கீழ்மக்களின் கீழான உணர்ச்சிகளுக்குத் தரகு வேலை செய்யும் சிவப்புத் தொப்பிக்காரர்கள் (பிரெஞ்சுப் புரட்சியாளரின் அடையாளம் சிவப்புத் தொப்பி) என்ற பொருளில் ஒரு கூட்டத்தைச் சாடி, அவர்களுடைய இடத்தைப் பிடிப்பதே தன் நோக்கங்களில் ஒன்று என்று அறிவித்தார். பெயரைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், எந்தச் சீமாட்டியின் பெயரும் எந்தக் கனவானின் பெயரும் ரெயினால்ட்ஸின் பெயரோடு சேர்ந்து வரக்கூடாது என்று அவர் எழுதியிருந்தார். ரெயினால்ட்ஸ் பதிலுக்கு டிக்கன்ஸைப் பிரபுக்களின் அங்கி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் துதிபாடி என்று தன் பத்திரிகையில் ஏசினார். இத்தனைக்கும் இருவருடைய அலுவலகங்களும் ஸ்ட்ராண்ட் பகுதியில் வெலிங்டன் தெருவிலேயே இருந்தன. மேஹ்யூ தன் ஆய்வை வாரப் பகுதிகளாக வெளியிட்டதும் அதே தெருவிலிருந்துதான். ஏழைகளைப் பற்றி எழுதியே வாழ்ந்த மூவரும் ஒரே நடைபாதையில் ஒருவரையொருவர் கடந்து சென்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சுவையாக இருக்கிறது.

இந்தச் சண்டையை வெறும் தொழிற்பொறாமையாகப் பார்க்கக்கூடாது. ஏழைகளின் துயரத்தை நடுத்தர வகுப்பு வாசகருக்குச் சொல்லி அவர் மனத்தை இளகச் செய்தவர் டிக்கன்ஸ். அந்தத் துயரத்துக்கு யார் காரணம் என்று ஏழைகளிடமே சொன்னவர் ரெயினால்ட்ஸ். முன்னது புத்தகத்தை வீட்டு அலமாரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும், பின்னது சேர்க்காது. ஆண்டுக்கு ஒரு கினி (இருபத்தொரு ஷில்லிங்) சந்தா வாங்கி நாடெங்கும் நாவல்களைச் சுற்றுக்கு விட்ட, மூடி என்பவரின் வாடகை நூலகத்துக்கு, ஒழுக்கமான குடும்பங்கள் படிக்கத்தக்க நூல்கள்தான் தேவைப்பட்டன. உயர்தர விமர்சன இதழ்களில் ரெயினால்ட்ஸின் நூல்களுக்கு மதிப்புரை வருவது அரிது. வந்தாலும் அது காவல்துறை எச்சரிக்கை போலத்தான் இருந்தது. 1879 ஜூனில் அவர் இறந்தபோது, தன் காலத்திலேயே மிக அதிகம் படிக்கப்பட்ட எழுத்தாளர் என்று புத்தக வணிகர்களின் இதழான 'புக்செல்லர்' எழுதியது. விற்பனைக் கணக்கை அறிந்தவர்கள் அதைத்தான் எழுதினார்கள். இலக்கியத்தின் கணக்கை எழுதியவர்கள் அவர் இறந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை.

அவருடைய எழுத்திலும் மறதிக்கான காரணங்கள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. வாரத்துக்கு எட்டுப் பக்கம் நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் எழுதியவரிடம் கட்டுக்கோப்பை எதிர்பார்க்க முடியாது. பாத்திரங்கள் ஐம்பது அத்தியாயங்களுக்குக் காணாமல் போய்த் திடீரென்று முளைக்கிறார்கள். நல்லவர்கள் எல்லோரும் ஒரே குரலில் மேடைத்தமிழ் போன்ற மேடை ஆங்கிலம் பேசுகிறார்கள். பெண்களின் அழகை வருணிக்கும் பத்திகள், ஒழுக்கத்தைப் போதிக்கும் பத்திகளுக்கு அடுத்தே, அதே ஆர்வத்தோடு வருகின்றன. ஆசிரியர் எதை அதிகம் இரசித்தார் என்பதில் ஐயமே எழாது. எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடம் நகைச்சுவை குறைவு. டிக்கன்ஸின் மிக்காபர் போல ஒரு வாக்கியத்தில் உயிர் பெற்று நூறு ஆண்டுகள் வாழும் பாத்திரம் அவரிடம் இல்லை. அவருக்கு வாய்த்தது வேகம், கோபம், நகரத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்த அறிவு. வேகம் அந்த வாரத்தோடு முடிந்துவிடும். கோபத்துக்கும் அதற்குரிய காலம் இருக்கிறது. வாக்குரிமை விரிவடைந்து, சாக்கடைகள் மூடப்பட்டு, நான்காம் ஜார்ஜை நினைவில் வைத்திருந்த தலைமுறையும் மறைந்த பிறகு அவருடைய அம்புகள் குறியிழந்தன. 1858இல் மனைவி இறந்த பின் ஓரிரு ஆண்டுகளில் அவரே நாவல் எழுதுவதை நிறுத்திவிட்டதால், புதிய வாசகரை ஈர்க்கப் புதிய நூல் எதுவும் இல்லை. மலிவுத் தாளில் அச்சான பென்னி இதழ்களில் பெரும்பாலானவை பைண்டு செய்து பாதுகாக்கப்படவில்லை. அவை கைமாறிக் கைமாறிக் கிழிந்து போயின.

இங்கிலாந்தில் இப்படி மங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தியாவில் அவருடைய நட்சத்திரம் உயர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய நூலகங்களில் எந்த ஆங்கில நாவல்கள் இருந்தன என்று ஆராய்ந்த பிரியா ஜோஷி, மிகப் பரவலாக வைக்கப்பட்டிருந்த பெயர்களில் ரெயினால்ட்ஸ் முன்வரிசையில் இருப்பதைக் கண்டார். கல்லூரிப் பாடத்திட்டம் ஸ்காட்டையும் கோல்ட்ஸ்மித்தையும் கொடுத்தது. மாணவர்கள் ரெயினால்ட்ஸைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். மராத்தியில் ஹரி நாராயண் ஆப்டேயின் முதல் நாவலுக்குத் தூண்டுதல் அவரே. சிறுவயதில் உருது மொழிபெயர்ப்பில் அவரை விழுங்கிய வாசகர்களில் பிரேம்சந்தும் ஒருவர். ஏன் இந்த ஈர்ப்பு என்பதற்குப் பரபரப்பான கதை என்ற விடை போதாது. நன்மையும் தீமையும் தெளிவாக முகம் காட்டும் கதைகளில் பழகிய வாசகருக்கு, நுணுக்கமான மனப்போராட்டத்தைவிட இந்த உலகம் நெருக்கமாக இருந்தது. அதோடு, தங்களை நாகரிகப்படுத்த வந்ததாகச் சொல்லிக்கொண்ட இனத்தின் பிரபுக்களும் பாதிரிகளும் இளவரசரும் எப்படிப்பட்டவர்கள் என்று ஓர் ஆங்கிலேயரே எழுதியிருப்பதைப் படிப்பதில் ஓர் இரகசியத் திருப்தியும் இருந்திருக்கும்.

தமிழுக்கு வந்தால், 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியதும் ரெயினால்ட்ஸ் இறந்ததும் ஒரே ஆண்டு. அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் தமிழில் உருவான பெரும் நாவல் சந்தைக்கு அவருடைய நாவல்கள் வற்றாத ஊற்றாகப் பயன்பட்டன. 'ஆனந்த போதினி' இதழின் ஆசிரியராக இருந்த ஆரணி குப்புசாமி முதலியார் அவரை மிக அதிகமாகத் தழுவியவர்களில் ஒருவர். பிரபுக்கள் ஜமீன்தார்களாகவும் மிராசுதாரர்களாகவும் மாறினார்கள், பாழடைந்த கோட்டைகள் பாழடைந்த மண்டபங்களாயின. இன்று பலருக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி, மறைமலையடிகளும் இந்த வரிசையில் உண்டு என்பது. 1911இல் வெளிவந்த அவருடைய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி', காக்கசஸ் மலைப் பகுதியைக் களமாகக் கொண்ட ரெயினால்ட்ஸின் 'லைலா' நாவலின் தழுவல். சில ஆண்டுகளில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கவிருந்த சைவப் பெரும்புலவர், லண்டன் தள்ளுவண்டிக்காரர்களின் அபிமான எழுத்தாளரைக் கையில் எடுத்தார் என்றால் அந்தக் கவர்ச்சியின் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். தழுவல்களில் சாகசமும் மர்மமும் கடல் தாண்டி வந்தன. ரெயினால்ட்ஸின் குடியரசு அரசியல், ஆண்டு வருமானப் பட்டியல் போன்றவை பெரும்பாலும் வந்து சேரவில்லை. அதனால் தமிழ் இலக்கிய வரலாற்றில் அவருக்கு வெறும் துப்பறியும் கதைக்காரர் என்ற முத்திரை விழுந்தது. உண்மையில் அவர் துப்பறியும் கதை எழுதியவரே அல்லர்.

ஆய்வாளர்கள் அவரைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். தொழிலாளர் படித்த புனைகதைகளைப் பற்றி லூயி ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட நூல் அதற்கு வழி திறந்தது. 1975இல் 'வாக்னர்' மறுபதிப்பு வந்தது. 2008இல் ஆன் ஹம்ஃபெரிஸும் லூயி ஜேம்ஸும் அவரைப் பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றைப் பதிப்பித்தார்கள். 'லண்டனின் மர்மங்கள்' முதல் வரிசை 2010களில் முழுமையாக மறுபதிப்புக் கண்டது. இவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் பழம்புத்தகப் பிரியர்களுக்கும் உரிய மறுவருகை. பொது வாசகரிடம் அவர் மீண்டும் புகழ்பெறுவார் என்று நான் நம்பவில்லை.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் அவருடைய முக்கிய நாவல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'வாக்னர்' அளவில் சிறியது என்பதால் பலர் அதைப் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது அவரை வெறும் பேய்க்கதைக்காரராகக் காட்டும். 'லண்டனின் மர்மங்கள்' முதல் வரிசையையே எடுங்கள். முன்னுரையில் இந்த மாநகரத்துக்குத் தெரிந்தவை செல்வம், வறுமை என்ற இரண்டே சொற்கள்தாம் என்று அவர் அறிவிப்பதையும், ஸ்மித்ஃபீல்ட் பாழ்வீட்டுக் காட்சியையும் படியுங்கள். பிறகு ரிச்சர்டின் காதல் அத்தியாயங்களைத் தயங்காமல் தாண்டி, டிட்கின்ஸும் ரேட்டில்ஸ்நேக்கும் தத்தம் வரலாற்றைச் சொல்லும் அத்தியாயங்களுக்குப் போங்கள். அவை பிடித்துவிட்டால் தாண்டிய பக்கங்களுக்குத் திரும்பி வரலாம். பிடிக்காவிட்டால் மீதியுள்ள ஆயிரக்கணக்கான பக்கங்களும் பிடிக்கப்போவதில்லை.